களனி கங்கைக் கரையில் தமிழிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பு 15, மட்டக்குளியில், களனி கங்கை கடலில் கலக்கும் இடத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் வசிக்கும் நான், கடந்த ஏப்ரல் பாடசாலை விடுமுறையில், சித்திரைப் புத்தாண்டு கழிந்த நான்காம் நாள், என் மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார் ஆகியோருடன் அந்த ஆற்றின் வழியே மேல்நோக்கி ஐந்து நாள் பயணம் ஒன்று போய்வந்தேன். கித்துல்கலைக்கு அருகே ஆற்றங்கரையில் கூடாரம் அடித்த முதல் மாலையில் நடந்த ஒன்றைப் பற்றியும், அதன் பின் என் மனத்தை விட்டு நீங்காத ஒரு கோரிக்கையைப் பற்றியும் தங்கள் பத்திரிகை வாயிலாகப் பேச விரும்புகிறேன்.

பயணத்துக்குக் காரணம் என் மகள். பதினொரு வயதாகும் அவள், எங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரும், முகத்துவாரத்தில் ஆகாயத்தாமரைகளைச் சுமந்துகொண்டு கடலுக்குள் போகும் பழுப்பு நிறத் தண்ணீரும் ஒரே ஆற்றினுடையவை என்று கேள்விப்பட்டபோது நம்ப மறுத்தாள். சிவனொளிபாதமலைத் தொடரில் பிறந்து, ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடி எங்கள் வீட்டருகே முடியும் ஓர் ஆற்றின் மறுமுனையை என் பிள்ளைகள் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமியார் மஸ்கெலியாவில் பிறந்தவர். அங்கே மனைவியின் அக்கா வீடு இருக்கிறது. ஆகவே ஆற்றை விடாமல் பிடித்துக்கொண்டு அங்கு வரை போவதென்றும், இடையில் இரண்டு இரவுகள் கரையில் கூடாரத்தில் தங்குவதென்றும் முடிவு செய்து, ஒரு வானை வாடகைக்குப் பிடித்தோம்.

காக்கைதீவில் அலையோடு ஆறு மோதும் இடத்தைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டோம். கிராண்ட்பாஸ் பக்கம் வந்தபோது நாகலகம் வீதியைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். மழைக்காலச் செய்திகளில் "நாகலகம் வீதியில் களனி கங்கையின் நீர்மட்டம்" என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த அளவுமானி இருக்கும் இடம் ஒரு சாதாரணத் தெருவின் ஓரம் என்பதைக் கண்டு அவர்கள் வியந்தார்கள். 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டி, களனிப் பகுதிகளில் வீடுகள் நீருக்குள் கிடந்ததை மகனுக்கு இலேசாக நினைவிருக்கிறது. அம்பத்தளையைக் கடக்கும்போது, கொழும்பு மாநகரின் குடிநீரில் பெரும்பகுதி இங்கேதான் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டுச் சுத்திகரிக்கப்படுகிறது என்றும், மணல் அகழ்வால் ஆற்றின் அடித்தளம் தாழ்ந்தபடியால் வறட்சிக் காலத்தில் கடல்நீர் உள்ளே ஏறிவந்து அந்தக் குடிநீரை உப்பாக்கும் அபாயம் இருக்கிறது என்றும் சொன்னேன். மகள் அதன் பிறகு குழாயைப் பற்றி வாதாடவில்லை.

லோ லெவல் வீதி என்று எல்லோரும் அழைக்கும் பழைய பாதையில் கடுவலை, ஹங்வெல்ல வழியாக அவிசாவளையை அடைந்தோம். அங்கே சீதாவாக்கை ஆற்றின் கரையில், சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் சைவத்தைத் தழுவிய பின் எழுப்பத் தொடங்கியதாகச் சொல்லப்படும் பைரவர் கோயிலின் கருங்கல் அடித்தளம் இருக்கிறது. சிங்கள மக்கள் அதனைப் பெரெண்டி கோவில் என்பர். முற்றுப்பெறாத அக்கற்களில் செதுக்கப்பட்டிருக்கும் பூவேலையைத் தொட்டுப் பார்த்தபடி மாமியார் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டார். கொழும்பிலிருந்து இவ்வளவு அருகில் இப்படி ஓர் இடம் இருப்பதை அறியாத தமிழ்க் குடும்பங்கள் பல இருக்கக்கூடும் என்பதால் இதனை இங்கே குறிப்பிடுகிறேன்.

கரவனல்லையைத் தாண்டிய பிறகு ஆறு வீதியை விட்டுப் பிரிவதே இல்லை. யட்டியந்தோட்டையில் அரிசியும் காய்கறியும் வாங்கிக்கொண்டு, பிற்பகல் மூன்று மணியளவில் கித்துல்கலைக்கு அண்மையில் முன்னரே பேசி வைத்திருந்த ஒரு தனியார் காணியை அடைந்தோம். வீதியிலிருந்து கித்துள் மரங்களுக்கும் பாக்கு மரங்களுக்கும் இடையே இறங்கும் ஓர் ஒற்றையடிப் பாதை. அதன் அடியில் இரண்டு பெரும் பாறைகளுக்கு நடுவே, பாய் விரித்தாற்போல் சமதளமான ஒரு மணல்திட்டு. அங்கே கூடாரம் அடிக்காமல் வேறெங்கே அடிப்பது என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆறு முழங்காலளவு ஆழத்தில், அடியிலுள்ள கூழாங்கற்கள் தெரியும்படி தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. மனைவி மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார். நானும் மகனும் கூடாரத்தை நட்டுவிட்டு, எஞ்சிய பொருட்களை எடுத்துவர மேலே வானுக்குப் போனோம்.

பாதை ஆற்றைத் தொடும் இடத்தில் ஒரு மரத்தில் பலகை ஒன்று அறையப்பட்டிருந்தது. சுமை தூக்கிக்கொண்டு இரண்டு முறை அதனைக் கடந்த நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அது என் தவறு, அதனை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாமியார் பார்த்திருக்கிறார். அவர் தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர். கண்ணில் படும் எதனையும் வாசித்துவிடும் பழக்கம் உள்ளவர். பலகையில் சிங்களமும் ஆங்கிலமும் மட்டுமே இருந்தன. "என்னம்மா போட்டிருக்கு?" என்று பேத்தியைக் கேட்டிருக்கிறார். தமிழ்மொழி மூலம் படிக்கும் என் மகள், பாடசாலையில் இரண்டாம் மொழியாகக் கற்ற சிங்களத்தைக் கொண்டு எழுத்துக்கூட்டி, முதற்சொல் "ஆபத்து" என்பதை மட்டும் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறாள். மற்ற வரி அவளுக்குப் பிடிபடவில்லை. எதனால் ஆபத்து என்று தெரியாத மாமியார், இது பாம்பைப் பற்றிய எச்சரிக்கையாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணி, புதர்ப்பக்கம் போகக் கூடாது என்று பேத்தியைத் தடுத்து, நீரின் விளிம்பிலிருந்த ஒரு கல்லில் கால் நனைய உட்கார வைத்திருக்கிறார். அந்தப் பலகை சொல்லியது, நீர்மட்டம் திடீரென உயரக்கூடும், இவ்விடத்துக்குக் கீழே தங்கவோ குளிக்கவோ வேண்டாம் என்பதாகும்.

காணியின் சொந்தக்காரரான முதிய சிங்களவர் கூடாரம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்காகத் தற்செயலாக இறங்கி வந்திராவிட்டால் இக்கடிதத்தை நான் எப்படி எழுதியிருப்பேன் என்று நினைக்கவே அஞ்சுகிறேன். எங்கள் தலைக்கு மேலே வானம் வெளித்திருந்தது. கினிகத்தேனைப் பக்கம் மட்டும் மேகம் கறுத்து, எப்போதாவது ஒரு முழக்கம் கேட்டது. அவர் அந்தத் திசையைக் காட்டி, பிறகு எங்களுக்கு இரு பக்கமும் இருந்த பாறைகளில் என் தோளுயரத்துக்கும் மேலே படிந்திருந்த சேற்றுக்கோட்டைக் காட்டி, உடனே எல்லாவற்றையும் மேலே ஏற்றும்படி சொன்னார். அவரும் எங்களோடு சேர்ந்து பொருட்களைச் சுமந்தார். ஏறிய பின் அரைமணி நேரம் சென்றிருக்கும். முதலில் தண்ணீரின் நிறம் மாறியது. பின்னர் சருகுகளும் சிறு கிளைகளும் மிதந்து வந்தன. ஆற்றின் ஓசை, அதுவரை பேச்சைப் போல இருந்தது, இரைச்சலாகத் தடித்தது. இருட்டுவதற்குள் மணல்திட்டு இருந்த இடம் தெரியவில்லை. நாங்கள் விட்டுவந்த அடுப்புக் கற்களையும் ஒரு பானையையும் ஆறு கொண்டுபோய்விட்டது. மகள் உட்கார்ந்திருந்த கல் எது என்று மறுநாள் காலையில் நீர் வடிந்த பிறகே கண்டுகொள்ள முடிந்தது.

இவ்வாறு ஏன் நிகழ்கிறது என்பதை அன்றிரவு அந்தப் பெரியவர் சொல்லியும், பின்னர் மஸ்கெலியாவில் என் சகலர் சொல்லியும் விளங்கிக்கொண்டேன். மார்ச், ஏப்ரல் மாதங்களின் இடைப்பருவ மழை பெரும்பாலும் பிற்பகலில் இடியுடன் மலைப்பகுதியில் கொட்டுகிறது. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் மலையின் செங்குத்தில் இறங்கிக் கித்துல்கலைக்கு மேலே ஒன்று சேர்ந்தே களனி கங்கையாகின்றன. மேலே பெய்த மழை கீழே வந்து சேர அதிக நேரம் எடுப்பதில்லை. அதற்கு மேலாக, இது அணைகட்டிய ஆறு. இலங்கையின் நீர்மின் உற்பத்தியின் தந்தை எனப்படும் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் முன்வைத்த யோசனையின் வழியே, 1950இல் லக்ஷபான மின் நிலையம் இயங்கத் தொடங்கியது முதல், காசல்ரீ, நோட்டன், மவுசாக்கலை, கனியன், லக்ஷபான என்று ஒன்றன் கீழ் ஒன்றாக நீர்த்தேக்கங்கள் அமைந்துள்ளன. அங்கிருந்து சுரங்கக் குழாய்கள் வழியாக மின் நிலையங்களைக் கடந்து வரும் நீர் பொல்பிட்டியில் ஆற்றுக்குத் திரும்புகிறது. மின் நிலையங்கள் இயங்கும் நேரத்தைப் பொறுத்து ஆற்றின் மட்டம் ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும். பெருமழையில் தேக்கங்கள் நிரம்பினால் வான்கதவுகள் திறக்கப்படும். அணையருகே ஒலிக்கும் சைரன், பல கிலோமீற்றர் கீழே ஆற்றின் இரைச்சலுக்குள் இருப்பவரின் காதில் விழும் என்று எதிர்பார்க்க முடியாது. அங்கே இருப்பவரைக் காக்கக்கூடியவை இரண்டுதான்: ஒன்று ஊராரின் வாய்ச்சொல், மற்றது மரத்தில் அறைந்திருக்கும் பலகை.

அந்தப் பலகையில்தான் எங்கள் மொழி இல்லை. அடுத்த நாள் ஆற்றோரமாக நடந்து, இறங்கி குளிக்கக்கூடிய வேறு நான்கு இடங்களைப் பார்த்தேன். ஒன்றில் தமிழ் இருந்தது. ஆயினும் அதன் இரண்டு சொற்கள் எழுத்துப் பிழையினால் பொருளற்றுப் போயிருந்தன. இரண்டில் தமிழ் இல்லை. நான்காவதில் பலகையே இல்லை. எந்த நிறுவனம் எந்தப் பலகையை வைத்தது என்று ஆராய்ந்து ஒருவரைக் குற்றஞ்சாட்டுவது என் நோக்கமன்று. வைத்தவர்கள் உயிரைக் காக்கும் எண்ணத்துடன்தான் வைத்திருக்கிறார்கள். அந்த நல்லெண்ணம் தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்தவரையும் வந்தடைய வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இதனைக் கொழும்பிலிருந்து உல்லாசப் பயணம் போகும் சிலரின் சிறு குறையாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தெஹியோவிட்டை, யட்டியந்தோட்டை, கித்துல்கலைப் பகுதிகளின் இறப்பர்த் தோட்டங்களிலும், கினிகத்தேனை முதல் மஸ்கெலியா வரையான தேயிலைத் தோட்டங்களிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள். விடியற்காலையில் பால்வெட்டு முடித்து வந்து குளிப்பதும் துணி துவைப்பதும் அவர்களில் பலருக்கு இந்த ஆற்றிலும் அதன் கிளைகளிலும்தான். ஊர்க்காரருக்கு ஆறு பழக்கம் என்பார்கள். பெரியவர்களுக்குப் பழக்கம், உண்மை. விடுமுறைக்கு வேறு தோட்டத்திலிருந்து உறவினர் வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? இந்நாட்டில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். விடுமுறைக் காலங்களில் ஆற்றில் குளிக்கப்போய் இறந்த இளைஞர்களைப் பற்றிய செய்தி தங்கள் பத்திரிகையிலும் அடிக்கடி வருகிறது.

தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் அரசியலமைப்பில் எழுதி வைத்தது. அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கான சட்டம் 1991இல் வந்தது. ஆகவே நான் சலுகை எதனையும் கேட்கவில்லை. அலுவலகப் படிவம் ஒன்றில் தமிழ் இல்லையென்றால் யாரையாவது கேட்டு நிரப்பிக்கொள்ளலாம், மறுநாளும் போகலாம். ஆற்றங்கரைப் பலகையை மொழிபெயர்த்துக் கேட்பதற்கு அத்தனை அவகாசம் கிடைப்பதில்லை. எனவே மும்மொழிப் பலகைகள் அனைத்திலும் முதலில் சரிசெய்யப்பட வேண்டியவை நீர்நிலைகளின் எச்சரிக்கைகள் என்று கருதுகிறேன். அவற்றில் சொற்களோடு படமும் இருக்கட்டும். பாறையிலோ கம்பத்திலோ, நீர் கடைசியாக எவ்வளவு உயர்ந்தது என்பதைச் சிவப்புக் கோட்டால் காட்டட்டும். "ஆபத்து" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாமல், ஆபத்து நீரிலிருந்து வருகிறது, மேலே ஏறி நில்லுங்கள் என்பதை எளிய தமிழில் எழுதட்டும். எழுதியதைத் தமிழ் தெரிந்த ஒருவர் வாசித்துப் பார்த்த பின் வர்ணம் பூசட்டும்; இதற்கு ஓர் ஆசிரியரின் ஐந்து நிமிடம் போதும்.

எம்மவரின் பக்கத்திலும் குறை உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. புறப்படுமுன் அரிசி, பருப்பு, கருவாடு எல்லாவற்றையும் எண்ணிக் கட்டிய நான், மலைநாட்டின் வானிலை அறிக்கையைக் கேட்கவில்லை. கூடாரத்தை எங்கே அடிக்கலாம் என்று காணிக்காரரிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. மது அருந்திவிட்டு ஆற்றில் இறங்குவதை வீரமாகக் கருதும் ஆண்கள் எங்கள் உறவிலும் இருக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குவது நம் குடும்பங்களில் இன்னும் அரிது. என் மகனுக்கு நீந்தத் தெரியும், மகளுக்குத் தெரியாது என்பதை அந்த இரவு கூடாரத்துக்குள் படுத்திருந்தபோதுதான் முதன்முறையாக யோசித்தேன். திரும்பி வந்ததும் அவளை ஒரு நீச்சல் வகுப்பில் சேர்த்துவிட்டேன். மறுநாள் என் மகன் இரப்பர்ப் படகில் நீரோட்டச் சவாரி போனபோது, பயிற்றுநரான சிங்கள இளைஞர் உயிர்காப்பு அங்கியை மாட்டிவிட்டு, "பயப்பட வேண்டாம், கால் முன்னால்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லி, விழுந்தால் கால்களை முன்னே நீட்டி மல்லாந்து மிதக்க வேண்டும் என்பதைத் தரையில் படுத்தே காட்டினார். அந்த நான்கு சொற்களுக்காக அவருக்கு நான் கடமைப்பட்டவன்.

அங்கிருந்து நோட்டன் பிரிஜ் வழியாக மஸ்கெலியாவுக்குப் போனோம். மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றியிருந்த நாட்கள் அவை. 1960களின் பிற்பகுதியில் அணை கட்டப்பட்டபோது நீருக்குள் போன பழைய மஸ்கெலியா நகரின் எச்சங்கள், உடைந்த கோயிற் சுவர்களோடு சேற்றில் தெரிந்தன. மாமியார் சிறுமியாக நடந்த கடைவீதி எந்தப் பக்கம் இருந்தது என்று விரலால் காட்டினார். கொழும்புக்கு மின்சாரம் தருவதற்காக ஓர் ஊரையே விட்டுக்கொடுத்த மக்கள் அவர்கள். அங்கே ஊற்றெடுக்கும் நீரைத்தான் நாங்கள் மட்டக்குளியில் குடிக்கிறோம் என்பதால், ஐந்து நாள் சேர்ந்த குப்பை எதனையும் கரையில் விடாமல் ஒரு மாச் சாக்கில் கட்டிக் கொழும்புக்கே கொண்டுவந்தோம். பாத்திரங்களைச் சவர்க்காரம் போட்டு ஆற்றுக்குள் கழுவவும் மனைவி இடந்தரவில்லை. கரையோரத்தில் கூடாரம் அடிக்க விடும் இடங்களில் மலசலகூடம் ஆற்றிலிருந்து விலகி அமைய வேண்டும் என்பதையும் உள்ளூராட்சி மன்றங்கள் கவனிக்குமாயின் அம்பத்தளையில் நீரெடுக்கும் நமக்கும் அது நன்மையாகும்.

கித்துல்கலையை விட்டுப் புறப்பட்ட காலையில், என் மகள் தன் அப்பியாசக் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அம்மம்மாவும் வாசிக்கக்கூடியதாகப் பெரிய எழுத்தில், "ஆற்றில் தண்ணீர் திடீரென்று கூடும். மணலில் தங்க வேண்டாம். தண்ணீர் கலங்கினால் உடனே மேலே ஏறுங்கள்" என்று எழுதிக் காணிக்காரரிடம் கொடுத்தாள். ஒவ்வொரு வரியும் என்ன சொல்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்ட அவர், தகரமொன்றில் அதே எழுத்துகளை வர்ணத்தால் எழுதி அந்த மரத்தில் அறைவதாகச் சொல்லியிருக்கிறார். ஏனைய இடங்களுக்கும் அவ்வாறு செய்யப் பொறுப்பானவர்கள் முன்வந்தால், தமிழ் வாசகத்தை எழுதிக் கொடுக்கவும், எழுதப்பட்டதைப் பிழை பார்க்கவும் நானும் என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலரும் எந்த நாளிலும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
மட்டக்குளி வாசகர் ஒருவர்,
கொழும்பு 15.